சுருட்டைக்கல் விழாவும் ஒரு இடது காலும்

பழைய மாதிரியே ஆடச் சொல்லணுமாம். கழுத்துல அட்டை, காதுல ஒயரு, கையில சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட்டு, இருபத்தாறு வயசு இருக்குமா அந்தத் திரைக் கம்பெனிப் பிரணவுக்கு, நேரா எங்கிட்ட வந்து நின்னு சொல்றான், "மேம், காலையில ஆடுனாங்கல்ல, அதே மாதிரி ஆடச் சொல்லுங்க மேம், அந்த ஸ்வே இருந்தாதான் சிஸ்டம் எடுக்குது." ஸ்வேயாம். நொண்டுறதுக்கு அவங்க வச்சிருக்கற பேரு. பன்னெண்டு பொண்ணுங்க, ஒவ்வொருத்தியும் அஞ்சு வயசுல ஆறு வயசுல எங்கிட்ட வந்து சேந்தவளுங்க, அரைமண்டியில உக்காரும்போது வலது பக்கமா சாயறாளுங்க, இடது காலைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுக்கறாளுங்க, அத்தனை பேரும், ஒரே மாதிரி, அளவெடுத்துத் தச்சாப்புல. அதைத் திருத்துறதுக்கு மத்தியானம் வெயில்ல ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்துனேன். திருத்தியும் தொலைச்சேன். இப்ப நேரா ஆடுறாளுங்க. நேரா ஆடுனா திரையில வெளக்கு எரிய மாட்டேங்குதாம். மணி ஆறாகப் போகுது, ஆறே காலுக்கு நிகழ்ச்சி, நான் இந்தத் தகரக் கொட்டகையில மேக்கப் பெட்டிக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கேன், அவன் வாசல்ல நின்னு எம்பதிலுக்குக் காத்துகிட்டு இருக்கான். நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். கால் வலிச்சா அவனுக்கும் தெரியும்.

கல்லுக்கு விழா எடுக்கறாங்க. எடுக்கட்டும், நான் வேணாங்கல. இந்தச் செங்கரட்டு ஓடையில நடந்தா கால்ல இடறுறதெல்லாம் கடல் பிராணிதான், நத்தை மாதிரி சுத்திச் சுத்தி இருக்கும், நாங்க சுருட்டைக்கல்லுன்னு சொல்லுவோம், ஸ்கூல் விட்டு வரும்போது பாவாடையில அள்ளிக் கட்டிகிட்டு வருவோம், அம்மா வெளியில கொட்டுடி சனியனேம்பாங்க. இப்ப அதுக்கு அம்மோனைட்டுன்னு பேரு, பத்து கோடி வருஷமாம், வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வந்து பாக்கறாங்களாம். காலையிலேர்ந்து மைக்குல ஒருத்தன் அந்தப் பத்து கோடியையே சொல்லிகிட்டு இருக்கான், "பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலைகள் ஆடின, இன்று சலங்கைகள் ஆடுகின்றன, செக், செக், ஹலோ." ஏற்பாடு என்னன்னா, ஒவ்வொரு பொண்ணு காலுலயும் சலங்கைக்கு மேல ஒரு கறுப்புப் பட்டை. உள்ள ஏதோ வச்சிருக்காங்க, தட்டு விழுந்தா அது தெரிஞ்சுக்கும். ஏற்கெனவே பதிவு பண்ணி வச்ச தட்டோட இவ தட்டு ஒத்துப்போச்சுன்னா பின்னாடி இருக்கற பெரிய திரையில ஒரு சுருட்டைக்கல் வெளிச்சமா விரியும். பன்னெண்டு பேரும் ஒத்துப்போனா அத்தனை கல்லும் உயிர் வந்து நீந்தும், கடைசியில மேடை பூரா கடலாயிடும். கேக்க நல்லாதான் இருந்துச்சு. கேட்டப்போ எனக்கே உடம்பு சிலுத்துச்சு, பொய் சொல்லக் கூடாது. காலையில ஒத்திகையில அது நடக்கவும் நடந்துச்சு. கடல் வந்துச்சு. விழாக்குழுக்காரங்க கை தட்டுனாங்க. நான் மட்டும் நாற்பதடி தள்ளி நின்னு பாத்தவ, கடலைப் பாக்காம காலைப் பாத்தேன்.

பதிவு பண்ணி வச்ச தட்டு யாரோடதுன்னா, என்னோடது. மூணு மாசத்துக்கு முன்னாடி சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு குளுகுளு ரூம்ல விட்டு, உடம்பை ஒட்டி ஒரு கறுப்பு உடுப்பு, நாற்பத்தாறு வயசுல, வயிறும் இடுப்பும் அப்பிடியே தெரியுது, அது மேலெல்லாம் சின்னச் சின்ன உருண்டை ஒட்டி, சுத்தி கேமரா, நடுவுல நான். ஆடுங்க மேம். ஆடுனேன். ஒன் மோர் மேம். ஆடுனேன். பதினேழு தடவை. ஏழாவது தடவையிலயே இடது முட்டிக்குள்ள யாரோ ஊசி வச்சுக் கிண்டுற மாதிரி ஆரம்பிச்சிடுச்சு. எட்டு வருஷமா இருக்கறதுதான், புதுசா என்ன, ஆனா அன்னைக்கு அந்த வலி வேற மாதிரி. "ஆர் யூ ஓகே மேம்?"னு இதே பிரணவுதான் கேட்டான். "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன், நீங்க எடுங்க"ன்னேன். சொல்லும்போது சிரிச்சேன் வேற. அந்த வலியைத்தான் அவனுங்க மொத்தமா அள்ளி மிஷின்ல போட்டு வச்சிருக்கானுங்க, சாயறது, இழுக்கறது, குதிகாலைத் தூக்கித் தப்பிக்கறது, எல்லாம். முகமில்லாத ஒரு நீலக்கலர் உருவம், எங்கையசைவு, என் கழுத்து, என் நொண்டி. அதை வீடியோவாக்கி, மிஸ் இல்லாத நேரத்துல பாத்துப் பழகுங்கன்னு பிள்ளைங்க வீட்டு செல்லுக்கெல்லாம் அனுப்பியிருக்காங்க. போச்சா. நான் மூணு வாரம் ஊர்ல இல்ல, அந்த மூணு வாரத்துல அந்த நீலப் பிசாசு எம்பொண்ணுங்க பன்னெண்டு பேரையும் கெடுத்து வச்சிடுச்சு.

மூணு வாரம் எங்க போனேன்னு யாருக்கும் தெரியாது. அக்கா மகளுக்குப் பிரசவம், கும்பகோணத்துல இருக்கேன்னு சொல்லிட்டுத் திருச்சியில ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ரூம் எடுத்துப் படுத்திருந்தேன். முட்டியில ஊசி போட்டு, நீர் எடுத்து, இனிமே தட்டவே கூடாதும்மா, மாடிப்படி கூட ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுக்கு சரிங்க டாக்டர்னு தலையாட்டிட்டு வந்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவரு ராத்திரி தைலம் தேய்ச்சு விடும்போது வலிக்குதான்னு கேப்பாரு, வலிக்கலன்னு சொல்லுவேன், செவுத்தைப் பாத்துகிட்டு. ஏன் சொல்லணும்? சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? டான்ஸ் மிஸ்ஸுக்குக் காலு போச்சாமேன்னு ஒருத்தி ஆரம்பிப்பா, அடுத்த மாசமே பாதிப் பேரு அந்த ஞாயித்துக்கிழமை மேடத்துக்கிட்ட போயிடுவாளுங்க, திருச்சியிலேர்ந்து கார்ல வந்து கல்யாண மண்டபத்துல கிளாஸ் எடுக்கறாளே அவகிட்ட. ஏற்கெனவே சாடைமாடையா கேக்கறாளுங்க, "மிஸ், நீங்க முன்ன மாதிரி ஆடிக் காட்டறதில்லையே"ன்னு. ஆடிக் காட்டுனேன்டி. வலியோட ஆடிக் காட்டுனேன், ஒரு நாள் விடாம. பாட்டு வாத்தியாருக்குத் தொண்டை கட்டுனா கஷாயம் குடிச்சிட்டு ரெண்டு நாள் உக்காரலாம், கணக்கு வாத்தியாருக்குக் கால் இல்லாட்டியும் ஒண்ணும் குடி முழுகாது. நான் எதைக் காட்டி மிஸ்ஸுன்னு நிக்கறது?

இந்தக் காலு எதுல போச்சுன்னு நெனச்சா சிரிப்புதான் வருது. சிமெண்ட் ஆலைக் குடியிருப்புல மனமகிழ் மன்றம்னு ஒரு ஹால், இருபத்திரெண்டு வருஷமா அங்கதான் கிளாஸ், கீழ சிமெண்டுத் தரை. மரப்பலகை போட்ட தரைன்னா காலுக்கு எதம், தட்டுனா வாங்கிக்கும். சிமெண்டு வாங்கிக்காது, குடுத்ததைத் திருப்பிக் குடுக்கும், நேரா முட்டிக்கு. தெய்யா தெய், தெய்யா தெய்னு ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தட்டு. அந்த சிமெண்டு எங்கேர்ந்து வந்துச்சு? இந்தச் செங்கரட்டைச் சுத்தி வெட்டுன சுண்ணாம்புக் கல்லுலேர்ந்து. அந்தக் கல்லு எங்கேர்ந்து வந்துச்சு? அதுக்குதான் வெளியில மைக்குல ஒருத்தன் விளக்கம் குடுத்துகிட்டே இருக்கானே, செத்த நத்தையும் சிப்பியும் கடலுக்கடியில படிஞ்சு படிஞ்சு கல்லாச்சாம். ஆக நான் இருபத்திரெண்டு வருஷமா அதுங்க மேலதான் ஏறி மிதிச்சிருக்கேன், அதுங்க பத்து கோடி வருஷம் காத்திருந்து எம்முட்டியைத் தின்னுடுச்சுங்க. இப்ப அதே நத்தைக்கு நான் விழாவுல ஆட்டம் சொல்லித் தரணும், பொண்ணுங்களை நொண்ட வைக்கணும், கலெக்டர் வந்து பாக்கணும், எல்லாரும் கை தட்டணும். போங்கடா.

"மேம், டைம் ஆகுது மேம்." இன்னும் அங்கயேதான் நிக்கறான். நல்ல பையன்தான், கெட்டவன்னு சொல்ல முடியாது, காலையில எனக்கு நாற்காலி கொண்டாந்து போட்டதே அவன்தான். "தம்பி, நீ அந்த மிஷினை மாத்து. நேரா ஆடுறதை எடுத்துக்கற மாதிரி மாத்து." "மேம், அதை இப்ப இங்க வச்சு மாத்த முடியாது மேம், ரெண்டு நாள் வேலை. நாங்க ரெக்கார்டு பண்ணது உங்களைத்தான் மேம். ஒரிஜினல் அதுதான். பிள்ளைங்க இப்ப ஆடுறதுதான் மேட்ச் ஆகல." "அந்த ஒரிஜினல் தப்பு." "எப்படி மேம் தப்பாகும்? அது நீங்க." என்ன சொல்றது இவனுக்கு. அதுல ஆடுறது முட்டி வலியில செத்துகிட்டு இருந்த ஒரு பொம்பளைடா, நாட்டியம் இல்லடான்னு சொன்னா அடுத்த கேள்வி வரும், அப்பவே ஏன் மேம் சொல்லலன்னு. சொல்ல வேண்டியதுதான். ஒரு வார்த்தை. தம்பி, எனக்குக் கால்ல கொஞ்சம் தொந்தரவு, நாளைக்கு எடுப்போமான்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நாக்கு வரல. வயசுப் பசங்க முன்னாடி, அந்தக் கறுப்பு உடுப்பைப் போட்டுகிட்டு, நாக்கு வரல. "காலையில நூத்துக்கு நூறு மேட்ச் மேம்"ங்கறான் இப்ப, பெருமையா, டேப்லெட்டைத் திருப்பிக் காட்டறான், பன்னெண்டு பச்சைக் கோடு, "இடது கால் வலது கால் ரெண்டுமே பர்ஃபெக்ட். இவ்ளோ அக்யூரேட்டா எந்த குரூப்பும் ஆடுனதில்ல மேம். எங்க வீடியோ நல்லா வேலை செஞ்சிருக்கு." வேலை செஞ்சிருக்கா. இரு, ஒனக்கு வேலை வைக்கறேன். "அஞ்சு நிமிஷம் இரு, சொல்றேன்"னு அனுப்பி வச்சேன்.

சுடர்க்கொடியைத்தான் நெனச்சுகிட்டே இருக்கேன். பதிமூணு வயசு, அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டறாரு, அவ்வளவு பொண்ணுங்கள்ல அவதான் ஆட்டக்காரி, அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். மத்தியானம் மத்தவளுங்க எல்லாம் திருத்திகிட்டாளுங்க, இவளுக்கு மட்டும் வரவே இல்ல. நேரா உக்காருடின்னா உக்காருவா, தட்டுன்னா மறுபடி அந்த இழுப்பு. நாலு தடவை பாத்தேன், அஞ்சாவது தடவை தட்டுக்கழியால இடது ஆடுசதையில ஒண்ணு வச்சேன். சுளீர்னு. நான் பிள்ளைங்களை அடிக்கறவ இல்ல, தாளம் போடற குச்சி அது, தரையைத் தவிர எதையும் அது தொட்டதில்ல. வீடியோவைப் பாத்துக் குட்டிச்சுவராப் போயிட்டீங்களேடி, ஒரு மூணு வாரம், மூணு வாரம் நான் இல்லாம போனா இப்பிடியா, கண்ணு எங்கடி வச்சிருந்தீங்கன்னு கத்துனேன். அவ ஒரு பார்வை பாத்தா, அழுகையும் இல்ல ஒண்ணும் இல்ல, எதையோ கேக்கற மாதிரி. அப்புறம் பல்லைக் கடிச்சுகிட்டு நேரா ஆடுனா. நேரா ஆடுனப்போ அவ முகத்துல சிரிப்பு போயிடுச்சு. அதை நான் பாத்தேன், பாத்தும் சபாஷ் இப்பதான் சரின்னு சொன்னேன்.

கொட்டகையில அந்தப் பக்கம் எல்லாரும் வரிசையா உக்காந்து கண்ணுக்கு மை தீட்டிக்கறாளுங்க, ஒருத்திக்கொருத்தி தலை பின்னி, ஊக்கு கேட்டு, சண்டை போட்டுகிட்டு. ஒருத்தி செல்லுல அந்த வீடியோவைப் போட்டு வச்சிருக்கா, நீல உருவம் சத்தமில்லாம ஆடுது. நான் ஒக்காந்த எடத்துலேர்ந்தே தெரியுது. பாக்கவே பத்திகிட்டு வருது. என்னைப் பாத்து ஆடுது, எதிர நின்னு, வெக்கமே இல்லாம, சாஞ்சு, இழுத்து. இந்தப் பக்கம் சாயுது. எந்தப் பக்கம்? எனக்கு இடது பக்கமா சாயுது, அதாவது அதோட வலது பக்கம், எதிர நிக்கறதால மாறித் தெரியுது, கண்ணாடியில தெரியற மாதிரி. இழுக்கற காலு எனக்கு வலது கைப் பக்கமா இருக்கு. செல்லைப் பாத்துப் பழகுற பிள்ளை எந்தக் காலை இழுக்கும்? தனக்கு எதிர தெரியற காலைத்தான். வலது காலை. சின்னப் பிள்ளைங்க எதிர நிக்கறவளைப் பாத்து ஆடுனா அப்பிடித்தான் மாத்தி ஆடும், அதனாலதானே நான் என்னைக்குமே பிள்ளைங்களைப் பாத்து நின்னு ஆடிக் காட்ட மாட்டேன், முதுகைக் காட்டிகிட்டு முன்னால நிப்பேன், அவளுங்க பின்னால நின்னு எங்காலைப் பாத்து ஆடுவாளுங்க, இடதுக்கு இடது, வலதுக்கு வலது. இருபத்திரெண்டு வருஷமா அப்பிடித்தான். காலையில இவளுங்க இழுத்தது இடது காலை. பன்னெண்டு பேரும். இடது கால் வலது கால் ரெண்டுமே பர்ஃபெக்ட்டுன்னானே அவன். அப்ப அது செல்லைப் பாத்து வந்ததில்ல. இல்ல, இருக்காது, ரெண்டு பேரு மூணு பேரு யோசிச்சுத் திருப்பி ஆடியிருப்பாளுங்க, மத்தவளுங்க அவளுங்களைப் பாத்து... இல்ல. யாரை ஏமாத்தறேன் நான். முதுகைக் காட்டிகிட்டு நின்னவளுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு எப்பிடித் தெரியும். ஒக்காந்து தாளம் போடும்போதாவது பாத்திருப்பேனே? பாத்தேன். தினம் பாத்தேன். என் கண்ணுக்கு அதுதான் நேராத் தெரிஞ்சுது. மூணு வாரம் பாக்காம இருந்துட்டு வந்து, நாற்பதடி தள்ளி நின்னதாலதான் இன்னைக்குக் கோணலாத் தெரிஞ்சிருக்கு.

"சுடரு, இங்க வா." ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தா, அப்பிடியே எழுந்து வந்தா. பக்கத்துல வந்ததும் அரையடி தள்ளி நின்னா. அடி வாங்குன பிள்ளை. "அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்த?" "ரெண்டு தடவ மிஸ். செல்லு அப்பாகிட்ட இருக்கும், லாரிக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு." "அப்ப அந்த இழுப்பு எங்கேர்ந்துடி வந்துச்சு? யாரு சொல்லிக் குடுத்தா?" முழிச்சா. நான் மறுபடி அடிக்கறதுக்கு வழி தேடறேன்னு நெனச்சிருக்கணும். "சொல்லுடி, திட்ட மாட்டேன்." "நீங்கதான மிஸ்." "நானா? நான் எப்பச் சொன்னேன்?" "சொல்லல மிஸ். நீங்க அப்பிடித்தான ஆடுவீங்க. நாங்க எப்பவும் அப்பிடித்தான ஆடுறோம்." பின்னால ரெண்டு மூணு பேரு தலையைத் தூக்கிப் பாத்தாளுங்க. யாரு முகத்துலயும் கிண்டல் இல்ல, அதுதான் தாங்கல. மத்தியானம் மிஸ் ஏன் திடீர்னு பேய் பிடிச்ச மாதிரி கத்துனாங்கன்னு அவளுங்களுக்குப் புரியவே இல்ல. புரியாமலே, மிஸ் சொல்றாங்களேன்னு, வெயில்ல ஒன்றரை மணி நேரம் என்னை மாதிரி ஆடாம இருக்கப் பழகியிருக்காளுங்க.

"காலைக் காட்டு"ன்னேன். நான் அடிச்ச எடம் தடிச்சிருக்கான்னு பாக்கத்தான் கேட்டேன், வேற எதுவும் மனசுல இல்ல. அவ சட்டுனு காலைப் பின்னால இழுத்துகிட்டா. "ஒண்ணுமில்ல மிஸ்." "காட்டுடி." குனிஞ்சு உடுப்பை நானே மேல ஏத்துனேன். ஆடுசதையில ஒரு செவப்புக் கோடு. அதுக்கு மேல, முட்டியில, இறுக்கிக் கட்டுன துணிப்பட்டை. அந்தத் தைல வாசனை. எங்க வீட்டுக் கட்டிலுக்கடியில இருக்கே, அதே தைலம். துணியை அவுத்தா முட்டி உப்பிப் போயிருக்கு, வலது முட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வெரலால தொட்டேன், சூடா இருந்துச்சு. பதிமூணு வயசு முட்டி. "எத்தனை நாளாடி?" அவ துணியைத் திரும்பச் சுத்தப் பாத்தா. "வலிக்குதா?" "வலிக்கல மிஸ்"னு சொன்னா. தகரச் செவுத்தைப் பாத்துகிட்டு, சிரிச்சுகிட்டே சொன்னா. அந்த அவசரம், அந்தச் சிரிப்பு, எனக்கென்னங்கற அந்தத் தோரணை, எல்லாத்தையும் சேத்துதான் கத்துகிட்டிருக்கா எம்மகராசி. "அம்மாவுக்குத் தெரியுமா?" "தெரியாது மிஸ். சொன்னா டான்ஸுக்குப் போக வேணாம்பாங்க." அந்தப் பிரணவைத் திட்டுனேன், கம்பெனியைத் திட்டுனேன், செத்து மண்ணாப் போன நத்தையைக் கூடத் திட்டுனேன், சாயங்காலம் பூரா திட்டி முடிச்சாச்சு, இனிமே திட்டறதுக்கு இந்தக் கொட்டகையில ஒருத்திதான் பாக்கி. பாவி. படுபாவி. ஒம்பெருமையைத் தூக்கி ஒரு பிள்ளை முட்டியில வச்சிருக்கியேடி.

"மேம், அஞ்சு நிமிஷம் ஆச்சு. கலெக்டர் கார் வந்துடுச்சாம். என்ன மேம், சொல்லிட்டீங்களா?" நான் சுடரு காலைத் தூக்கி எம்மடியில வச்சு அந்தக் கறுப்புப் பட்டையைக் கழட்டுனேன். ஒட்டிகிட்டு இருந்துச்சு, பிச்சுதான் எடுக்க வேண்டியிருந்துச்சு. அவன் கையில குடுத்தேன். "இவ ஆடல." "மேம்! பன்னெண்டு சிக்னல் வந்தாதான் கடல் ஓப்பன் ஆகும். ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது மேம்." "வராட்டி போகுது. கல்லு அங்க ஓடையிலதானே கெடக்கு, இறங்கிப் போய்ப் பாக்கச் சொல்லு." சுடரு அழ ஆரம்பிச்சிட்டா, "நான் ஆடுறேன் மிஸ், ப்ளீஸ் மிஸ், நேரா ஆடுறேன் மிஸ், இழுக்க மாட்டேன்"னு எங்கையைப் புடிச்சுகிட்டு. இழுக்காம ஆடுனதாலதான்டி ஒனக்கு மத்தியானம் அந்த வலி, இழுத்து இழுத்துத் தப்பிச்சுகிட்டு இருந்த, நானும் அப்பிடித்தான் தப்பிச்சேன், நான் அதையும் அடிச்சுப் புடுங்கிட்டேன்னு அவகிட்ட எப்பிடிச் சொல்றது. எழுந்து நின்னேன். எழுந்திருக்கும்போது எப்பவும் போல வலது கால்ல பாரத்தைப் போட்டு, இடதைத் தூக்கி, ஒண்ணுமே இல்லாத மாதிரி. பன்னெண்டு பேரும் என்னையே பாத்துகிட்டு இருந்தாளுங்க. அப்பதான் உறைச்சுது, எழுந்திருக்கறதைக் கூடப் பாத்துகிட்டுதான் இருக்காளுங்கன்னு.

"எல்லாரும் இங்க கேளுங்க"ன்னேன். "எனக்குக் கால் வலிக்குது. இந்தக் காலு. எட்டு வருஷமா வலிக்குது. நான் ஆடுனது தப்பு. வலிக்குதுன்னு சாஞ்சேன், அதைப் பாத்து நீங்களும் சாஞ்சீங்க. கும்பகோணத்துக்குப் போகல, ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன்." பிரணவ் அந்தப் பட்டையை மேக்கப் பெட்டி மேல வச்சிட்டான். வெளியில மைக்குல, அடுத்ததாக நாம் அனைவரும் ஆவலோடு எதிர்பார்க்கும்னு ஆரம்பிச்சுட்டாங்க. "யாரையும் திட்ட மாட்டேன், யாரு வீட்டுலயும் தப்பாச் சொல்ல மாட்டேன். உங்கள்ல வேற யாருக்கெல்லாம் வலிக்குது? கையைத் தூக்குங்க." ஒருத்தியும் அசையல. எனக்கு உசுரு வந்துச்சு, அப்பாடா, சுடரு ஒருத்திதான்னு. அப்புறம் மூலையிலேர்ந்து ரோஸ்லின் கை மேல போச்சு, பாதி வரைக்கும், யாரு பாக்கறான்னு பாத்துகிட்டு. அதுக்குப் பக்கத்துல இன்னொரு கை. அதுக்குப் பின்னால ரெண்டு. நான் எண்ண ஆரம்பிச்சேன், அஞ்சோட நிக்கும்னு பாத்தேன், நிக்கல. கடைசி வரிசையில மித்ரா, ஒம்பது வயசு, கூட்டத்துலயே சின்னவ, எங்கிட்ட வந்து மூணு வருஷம்தான் ஆகுது, பரீட்சையில சந்தேகம் கேக்கற பிள்ளை மாதிரி கையை நல்லா ஒசத்திப் புடிச்சுகிட்டுக் கேட்டா.

"இடது கால் மட்டுமா மிஸ், ரெண்டு காலுமா?"